கொடி இல்லாத சுதந்திர தினச் சட்டை

கேள்வி: நான் சென்னிமலைக்காரி. வயது 26. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனிங் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த 2026 ஆகஸ்ட் 15க்கு ‘சுதந்திரத்தின் 80 ஆண்டுகள்’ என்று டி-ஷர்ட், துணிப்பை டிசைன் செய்து இணையத்தில் விற்க ஆசை. ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சடித்து அவர்களே அனுப்பிவைக்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் நிறுவனம் ஒன்றிடம் பேசிவிட்டேன். டி.டி.எஃப். முறையில் அடிக்கிறார்கள். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. தேசியக் கொடி, காந்தி முகம், எங்கள் ஊர்க் குமரன் என்று மூன்று டிசைன் தயார். படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கும் மாமா, “ஒண்ணொண்ணா அடிச்சாக் கட்டாது, ஆயிரம் பீஸ் மொத்தமா அடிச்சு வெச்சுக்கோ, பணத்தை மெதுவாக் குடு” என்கிறார். தறி ஓட்டும் அப்பாவோ, “தியாகிய வெச்சுக் காசு பண்ணாத” என்று கோபித்துக்கொண்டார். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள அம்மிணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு கந்தல் துணிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

2022ஆம் வருடம், சுதந்திரம் கிடைத்து 75 ஆண்டுகள் நிறைந்த ஆகஸ்ட். வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன வருடம். திருப்பூரில் அச்சு மெஷின் வைத்திருந்த எல்லோரும் இரவு பகலாக மூவர்ணம் அடித்தோம். ஒரு வியாபாரி வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி நான் 800 வெள்ளைச் சட்டைகளில் நெஞ்சுப் பக்கம் கொடி அச்சடித்தேன். அவர் 500 எடுத்தார். மீதி 300 பீஸும் ஆகஸ்ட் 16ஆம் தேதி காலை கட்டுக் கட்டாக என் யூனிட் வாசலிலேயே இருந்தன. பொங்கலுக்கு முன்னால் காதர்பேட்டைச் சந்தையில் செகண்ட்ஸ், அதாவது கழித்துப்போட்ட சரக்கு, எடுக்கிறவரிடம் தள்ளிவிட்டேன். துணிக்குப் போட்ட காசுகூடத் திரும்பவில்லை. நஷ்டத்தை மறந்துவிடலாம். அடுத்த வருடம் அவிநாசி ரோட்டில் ஒரு டூ வீலர் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு நின்றிருந்தேன். அங்கே வேலை பார்த்த பையன் செயினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியில் காவிப்பட்டை தெரிந்தது. பாதிச் சக்கரம் தெரிந்தது. மேலே கறுப்புக் கிரீஸ். என் மெஷினில் அடித்தது என்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவனுக்கு அது கிலோ கணக்கில் வாங்கிப் போட்ட வேஸ்ட் துணி. கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குமரன் உயிரை விட்ட ஊரில் பிழைப்பு நடத்துகிற எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் முதல் டிசைனை இப்போதே எடுத்துவிடுங்கள். நான் பட்டதற்காக மட்டும் சொல்லவில்லை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பும் இதில் தெளிவாக இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே அணியும் எதிலும் கொடி வரக்கூடாது. தலையணை, கைக்குட்டை, நாப்கின், உள்ளாடை, உடைத்துணி எதிலும் அதை அச்சடிக்கவோ எம்ப்ராய்டரி செய்யவோ கூடாது. கொடியின் மேல் எழுத்தே எழுதக்கூடாது. நீங்கள் கொடிக்கு நடுவே ‘80’ என்று போட்டிருந்தால் அது தனிக் குற்றம். தண்டனை மூன்று வருடச் சிறை வரை போகலாம். “ஊரெல்லாம் விற்கிறார்களே” என்பீர்கள். விற்கிறார்கள்தான். ஆனால் இணையத்தில் விற்பது சந்தையில் துண்டு விரித்து விற்பது மாதிரி இல்லை. உங்கள் பெயர், முகவரி, பொருளின் படம் எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டும்படி அங்கேயே கிடக்கும். 2017 ஜனவரியில் கனடாவில் ஓர் இணையச் சந்தையில் நம் கொடி போட்ட கால்மிதி விற்பனைக்கு வந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் பகிரங்கமாகக் கண்டித்தார், உடனே பட்டியலில் இருந்து எடுத்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலைமை.

காந்தி முகமும் வேண்டாம். இது பலருக்குத் தெரியாத விஷயம். 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் பற்றிய சட்டத்தின் அட்டவணையில் காந்தி, நேரு ஆகியோரின் பெயரும் படமும் இருக்கின்றன. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்கு அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. காலண்டருக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு, சட்டைக்குக் கிடையாது. தேசியக் கொடி அதே அட்டவணையில் இருக்கிறது. அதைப் போலவே தோன்றும்படி கொஞ்சம் மாற்றி வரைவதையும் சட்டம் சேர்த்துத்தான் தடுக்கிறது. நான்கு சிங்கம் போட்ட அரசுச் சின்னத்துக்கு 2005இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. விழாவுக்கென்று அரசு வெளியிடும் இலச்சினைகளையும் தொடாதீர்கள்.

சரி, மிச்சம் இருப்பது உங்கள் ஊர்க் குமரன். அம்மிணி, மூன்று டிசைனில் உங்களிடம் உண்மையான சரக்கு என்று இருப்பது அதுதான். கொடியையும் காந்தியையும் டெல்லிக்காரர்களும் சூரத்காரர்களும் உங்களைவிட மலிவாக அடித்துவிடுவார்கள். சென்னிமலையில் பிறந்த குமரனைச் சென்னிமலைப் பெண் வரைந்தால் அதற்குப் போட்டி கிடையாது.

ஆனால் அனுப்பிய படத்தில் ஒரு பிழை இருக்கிறது. குமரன் கையில் அசோகச் சக்கரம் போட்ட கொடியைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் 1904 அக்டோபர் 4 அன்று பிறந்தவர். திருப்பூர் ஊர்வலத்தில் போலீஸ் தடியடி பட்டு விழுந்தது 1932 ஜனவரி 10, மறுநாள் உயிர் போனது. சக்கரம் போட்ட இன்றைய கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22. அதாவது அவர் போய்ப் பதினைந்து வருடம் கழித்து. 1931இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. மண்டபத்துச் சுவர், பள்ளி ஆண்டுவிழா பேனர் என்று பல இடங்களில் இந்தத் தப்பைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. நீங்களாவது ராட்டையை வரையுங்கள். உங்கள் அப்பாவுக்கு அது பிடிக்கும் என்றும் தோன்றுகிறது.

இணையத்தில் கிடைக்கும் குமரன் படத்தை அப்படியே எடுத்துக் கோடு மட்டும் மாற்றுகிற வேலை வேண்டாம். வரைந்தவருக்கு அதில் உரிமை இருக்கும். முகமே வேண்டாம் என்பேன். கொடிக்கம்பை இறுகப் பிடித்த ஒரு கை, விரல் மூட்டுகள் நன்றாகத் தெரியட்டும். மேலே ராட்டையின் கோட்டுருவம். கீழே ‘திருப்பூர், 10.1.1932’ என்று சின்ன எழுத்தில். மூவர்ணம் பூசாமல் ஒரே நிறத்தில் வையுங்கள். ஒரே நிறம் என்றால் இன்றைய தேசியக் கொடியோடு குழப்பம் வராது. அப்புறம் அச்சுச் செலவும் இறங்கும், அதைப் பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, கம்பெனி கம்ப்யூட்டரில், கம்பெனி சாஃப்ட்வேரில் இதை வரையாதீர்கள். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, வெளியே தொழில் செய்வது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

‘80 ஆண்டுகள்’ என்பதையும் திருத்த வேண்டும். 1947 ஆகஸ்ட் 15 முதல் சுதந்திர தினம் என்று எண்ணிக்கொண்டு வந்தால் 2026இல் வருவது 80ஆவது சுதந்திர தினம். ஆனால் நிறைவது 79 ஆண்டுகள்தான். 80 ஆண்டுகள் நிறைவது 2027 ஆகஸ்ட் 15. எனவே இந்த வருடச் சட்டையில் ‘80ஆவது சுதந்திர தினம்’ என்று போடலாம், ‘80 ஆண்டுகள்’ என்று போடக்கூடாது. இது எழுத்துப் பிழைத் திருத்தம் என்று நினைக்காதீர்கள், உங்கள் தொழிலே இதில் இருக்கிறது. பெரிய விழா இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம். இந்த ஆகஸ்டை ஒத்திகையாக வைத்துக்கொண்டால் அடுத்த ஆகஸ்டில் உங்களுக்கு எந்த டிசைன் ஓடும், எந்த சைஸ் போகும், எந்த ஊரில் இருந்து ஆர்டர் வரும் என்று கையில் கணக்கு இருக்கும். குமரன் டிசைனில் வருடமே போட வேண்டாம். அக்டோபர் 4, ஜனவரி 11, குடியரசு தினம் என்று அது வருடம் முழுவதும் விற்கும்.

இப்போது மாமா சொன்ன ஆயிரம் பீஸ். மாமா அன்பாகத்தான் சொல்கிறார். தொழில் தெரிந்தவர், ஒரு பீஸ் விலையைப் பார்த்துச் சொல்கிறார். மொத்தமாக அடித்தால் ஒரு பீஸ் 170 ரூபாய்க்கு வரும் என்றே வைத்துக்கொள்வோம், ஆயிரத்துக்கு 1,70,000 ரூபாய். உங்களிடம் இருப்பது 40,000. மிச்சம் மாமாவிடம் கடன், அதுவும் சொந்தத்தில் கடன். எத்தனை விற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைவிட மோசம் சைஸ். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று ஒரு ரேஷியோ போட்டு வெட்டுவீர்கள். கேட்கிறவர்கள் எல்லாம் எல் கேட்பார்கள், கடைசியில் உங்கள் வீட்டில் எஸ் சைஸாகக் குவிந்து கிடக்கும். திருவிழாச் சரக்குக்கு ஒரு நாள்தான் ஆயுசு. என் 300 பீஸில் பாதிக்கு மேல் எஸ்தான்.

பிரிண்ட் ஆன் டிமாண்டில் ஒரு பீஸ் விலை கூடத்தான் இருக்கும். ஆனால் விற்காத பீஸ் என்று ஒன்று பிறக்கவே பிறக்காது. அந்த ஒரு பலத்துக்காகத்தான் அதிக விலை கொடுக்கிறோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சட்டையை 499 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அச்சடித்துத் தருகிறவருக்கு 290, கூரியர் 70, பணம் வாங்கித் தரும் ஆப்புக்கு 10 என்று வையுங்கள். 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைகளுக்கு இப்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 499க்குள் அது ஏறக்குறைய 24 ரூபாய். கையில் நிற்பது 105. இதில்தான் விளம்பரச் செலவும் போக வேண்டும். உங்கள் நிறுவனம் சொல்லும் நிஜமான எண்களை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். 60 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் விலையை ஏற்றுங்கள். குறைத்து விற்றுப் பேர் வாங்குகிற வேலை நமக்கு வேண்டாம்.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது கேஷ் ஆன் டெலிவரி. வாங்குகிறவர் கதவைத் திறக்காமல் பார்சல் திரும்பி வந்தால் 290, போக 70, வர 70, ஆக 430 ரூபாய் போச்சு. நாலு சட்டையின் லாபம் ஒரே சட்டையில் போகும். ஆகஸ்ட் 20ஆம் தேதி திரும்பி வரும் சுதந்திர தினச் சட்டையை யாருக்கு விற்பீர்கள்? முன்பணம் கட்டினால்தான் அச்சு என்று முதல் நாளே எழுதிப் போடுங்கள். ஆர்டர் குறையும். குறையட்டும். ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை: வெளிமாநிலத்துக்கு ஒரு சட்டை விற்றாலும் பதிவு எண் வேண்டும். ஒரு ஆடிட்டரைப் பிடித்து இந்த மாதமே பதிந்துவிடுங்கள், ஆகஸ்டில் அதற்கு அலைய முடியாது.

மாமாவை விட்டுவிடச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு அபார்ட்மென்ட் சங்கம், காலையில் ஓடுகிற குழு, கோவை சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் ஒரு டீம் என்று ஐம்பது அறுபது பீஸ் ஒரே டிசைனில் கேட்டு வருவார்கள். அந்த ஆர்டரை மாமாவிடம் ஸ்கிரீன் பிரிண்டில் அடியுங்கள். ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிரேம் செய்ய வேண்டும், அதனால்தான் ஒரே நிறம் என்று சொன்னேன். ஒரு ஃபிரேமில் வேலை முடிந்துவிடும், ஒவ்வொரு பீஸ் கூடும்போதும் செலவு சரிந்துகொண்டே வரும். சைஸ் பட்டியலை அவர்கள் கையெழுத்தோடு வாங்குங்கள், பாதி அட்வான்ஸ் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். ஒற்றை ஆர்டர் பிரிண்ட் ஆன் டிமாண்டில், கூட்டு ஆர்டர் மாமாவிடம். நாற்பதாயிரம் ரூபாயில் இரண்டையும் தாராளமாக நடத்தலாம், பத்தாயிரத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கினாலும்கூட.

கடையைத் திறப்பதற்கு முன் உங்கள் காசிலேயே மூன்று சட்டை வாங்கிப் பாருங்கள். வெள்ளை ஒன்று, அடர்நிறம் ஒன்று, அப்பா சைஸில் ஒன்று. உங்கள் நிறுவனம் டி.டி.எஃப். முறையில் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிலிமில் அச்சடித்து, மேலே பசைப் பவுடர் தூவி, சூட்டில் உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் துணிமேல் ஒட்டுகிற வேலை அது. பவுடர் சரியாக வேகவில்லை என்றால் முதல் வாரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவது சலவையில் ஓரம் தூக்கும். சட்டையைப் புறம் திருப்பிப் போட்டு வாஷிங் மெஷினில் பத்துமுறை துவையுங்கள், பிறகு அச்சு இருக்கும் இடத்தை இரண்டு கையாலும் இழுங்கள். வெடித்தால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். நெஞ்சு முழுக்க ஒரே திட்டாக அடைத்து வரைந்தால் அந்த இடம் பிளாஸ்டர் ஒட்டினமாதிரி காற்றுப் போகாது, வெயிலில் அணிவகுப்பில் நிற்கிறவர் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். கோடுகளாக வரையுங்கள், நடுவில் துணி மூச்சு விடட்டும்.

தமிழ் எழுத்தில் ஒரு தனி அபாயம் உண்டு. அந்த நிறுவனங்களின் தளத்திலேயே தமிழைத் தட்டினால் ‘கொ’வில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் தனித்தனியாக வட்டம் போட்டு நிற்கும். திரையில் சரியாகத் தெரிந்து அச்சில் உடைவதும் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லே உடைந்து வந்த சட்டையை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றி, பின்னணி இல்லாத படமாக, 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏற்றுங்கள். 12க்கு 16 அங்குல அச்சு என்றால் 3,600க்கு 4,800 பிக்சல். எழுத்துருவை வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள், இலவசமாகக் கிடைப்பது எல்லாம் விற்கிற பொருளுக்கு இலவசம் கிடையாது.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. ஐ.டி. கம்பெனிகள் வெள்ளிக்கிழமையே கொண்டாடிவிடும். அப்படியென்றால் சட்டை 13ஆம் தேதி வியாழக்கிழமை கையில் இருக்க வேண்டும். வெளிமாநில ஆர்டரை ஆகஸ்ட் 3ஆம் தேதியோடும், தமிழ்நாட்டு ஆர்டரை 7ஆம் தேதியோடும் மூடிவிடுங்கள். அந்தத் தேதியை எல்லாப் படத்திலும் பெரிதாகப் போடுங்கள். அதற்கு மேல் எத்தனை பேர் கெஞ்சினாலும் வாங்காதீர்கள், 16ஆம் தேதி போய்ச் சேர்ந்த சட்டைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. கடைசி வாரத்தில் எல்லா அச்சகத்திலும் மெஷின் மூச்சுவாங்கும், உங்கள் ஒற்றைப் பீஸை யாரும் முதலில் எடுக்க மாட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் கடை திறந்திருக்க வேண்டும்.

அப்பாவின் கோபம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி என்று நான் நினைப்பதுதான். தியாகியின் முகத்தைக் குப்பைக்குப் போகிற துணியில் அடித்தால் அது அவர் சொல்கிறபடிதான் ஆகும். நானே செய்திருக்கிறேன். ஆனால் ஆர்டர் வந்த பிறகு மட்டும் அடித்தால், ஒருவர் காசு கொடுத்து விரும்பி வாங்கிய சட்டை மட்டும்தான் உலகத்தில் இருக்கும். காதர்பேட்டைக்குப் போக மூட்டை இருக்காது. குமரனும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான், பஞ்சாலையில் வேலை பார்த்தவர். துணியில் அவர் வரலாறு சரியாக வந்தால் அதில் குறைவு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நீங்கள் வாதம் பண்ணிச் சொல்ல வேண்டாம். ராட்டை வரைந்த படத்தை அவர் முன்னால் வைத்து, ராட்டையின் உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா, நூல் சுற்றும் கதிர் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கேளுங்கள். நூலோடு வாழ்கிறவர் கண்ணுக்குப் படாத பிழை இருக்காது. அவர் திருத்தச் சொல்வதைத் திருத்துங்கள். சாம்பிள் வந்ததும் அந்த மூன்றாவது சட்டையை அவரிடம் கொடுங்கள், போடுகிறாரா இல்லையா என்று பாருங்கள்.

மாமாவிடம் ஒரு நிறத்துக்கான ஸ்கிரீன் ரேட்டை மட்டும் இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம் கேட்டால் அவராலேயே அந்த ரேட்டுக்குக் கொடுக்க முடியாது.